டாக்டர் ஓட்டிய வண்டி

1. முதல் நாள் பாடம்

பழைய கார் யார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி தங்கவேல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒரே ஒரு பாடம் சொன்னார்.

"பாய், டாக்டர் வண்டி வந்தா யோசிக்காதீங்க. எடுத்துப்போட்டு அப்பறமா எனக்குச் சொல்லுங்க."

கோயமுத்தூரில் பழைய கார் விற்கிற யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். டாக்டர் வண்டி என்றால் ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ், கிலோமீட்டர் குறைவு. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. வாங்க வருகிறவர்களும் வண்டியின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் யார் ஓட்டினது என்று கேட்பார்கள். டாக்டர் என்று சொன்னால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

அதற்கு முன்னால் நான் உக்கடத்தில் பட்டறை மெக்கானிக். டீசல் எஞ்சின்தான் என் தொழில். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும், நாள் முழுக்க நிற்க வேண்டாம் என்று அவிநாசி ரோட்டில் இருந்த இந்த யார்டுக்கு இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு வந்தேன். வருகிற வண்டியைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது என் வேலை. இன்றைக்கு அதே வேலையை மொபைலில் டிக் அடித்துச் செய்கிற தம்பிகள் சிலர், பழைய கதைகளை எழுதச் சொன்னார்கள். பல கதைகள் உண்டு. இந்த ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

2. கைக்குட்டை

என்னிடம் ஒரு பழக்கம். எந்த வண்டி வந்தாலும் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டேன். பின்னால் போய்க் குனிந்து, வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி, சைலன்சர் குழாய்க்குள் விட்டுத் துடைப்பேன். டீசல் வண்டி என்றால் கரி ஒட்டும். கரியின் நிறம், ஈரம், பிசுபிசுப்பு மூன்றையும் பார்த்தால் எஞ்சின் எப்படி இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். என் வீட்டம்மாவுக்கு இந்தப் பழக்கம் சுத்தமாகப் பிடிக்காது. துவைக்கிறவள் அவள்தானே.

புகைக் கட்டுப்பாட்டு விதி இறுகி பி.எஸ். சிக்ஸ் வண்டிகள் வந்த புதிதில் ஒன்றின் குழாயைத் துடைத்தேன். கைக்குட்டை போனபடியே வெள்ளையாக வந்தது. வண்டியை ஓட்டவே இல்லையோ என்று சந்தேகப்பட்டு மீட்டரைப் பார்த்தேன். நன்றாகவே ஓடியிருந்தது. கரியெல்லாம் எங்கே போனது என்றால், டி.பி.எஃப். என்கிற வடிகட்டியில் சிக்கி நின்றுவிடுகிறது. புகை போகிற வழியில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் டப்பா. அதற்குள் தேன்கூடு போல ஒரு கட்டி. கரி அதில் சேரும். வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் விடாமல் ஓடினால், டப்பா சூடேறி அந்தக் கரி தானே எரிந்து போகும். அதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர்.

ஓடாவிட்டால் எரியாது. எரியாவிட்டால் அடைக்கும். அடைத்தால் வார்னிங் லைட் வரும், பிறகு வண்டி இழுக்காது, கடைசியில் ஆமை மாதிரி நகரும்.

இங்கேதான் முதலாளியின் பாடம் தலைகீழானது. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு, சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்பது. பழைய டீசலுக்கு அது சொகுசு வாழ்க்கை. பி.எஸ். சிக்ஸ் டீசலுக்கு அதுவே வியாதி. நான் இதைத் தங்கவேலிடம் சொன்னேன்.

"கிலோமீட்டர் கம்மியா இருக்கறது ஒரு குத்தமுங்களா பாய்? ஊருக்குள்ள போய் இப்பிடிச் சொல்லிப்போடாதீங்க, சிரிப்பாங்க" என்றார்.

நானும் ஊருக்குள் போய்ச் சொல்லவில்லை. மாசச் சம்பளம் வாங்குகிறவன் ஊருக்குள் போய் என்ன சொல்வது?

3. பூ கொடுத்த வண்டி

கிணத்துக்கடவிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா ஆறுச்சாமி, தென்னந்தோப்புக்காரர். வேட்டி சட்டையில் மடிப்புக் கலையாமல் இருந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்வதற்கே மூச்சு வாங்கினார். இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி நரம்பு புடைத்திருந்தது. மகள் கோமதி இன்ஜினியரிங் படித்தவர். மலுமிச்சம்பட்டியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். லேத், மில்லிங், வெல்டிங், எல்லாம் அடுத்தவர் கொண்டுவருகிற சாமானுக்குச் செய்து கொடுக்கிற ஜாப் ஆர்டர்.

விஷயத்தைக் கோமதியே சொன்னார்.

"வாரத்துல மூணு நாள் அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரோணுமுங்க. இத்தன நாளா வாடக காருதான். போன மாசம் மழையில வாரேன்னு சொன்ன டிரைவரு வரவே இல்ல. அன்னைக்கு டயாலிசிஸ் தவறிப்போச்சு. மக்கா நாளு நெஞ்செல்லாம் தண்ணி கோத்து, ஐ.சி.யு.ல வெச்சு எடுத்தமுங்க. இனி அடுத்தவங்கள நம்பி இருக்கறதுக்கு இல்லீங்க. பாதி வழியில நிக்காத வண்டியா வேணும்."

அவர்களுக்கு வண்டி எதற்கு என்பது அதோடு தெளிவாகிவிட்டது.

டீசல்தான் வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. எங்கள் பக்கத்தில் டீசல் என்றால் ஒரு மரியாதை. இழுவை இருக்கும், மைலேஜ் இருக்கும், தோப்புக்குள் மண்பாதையில் திணறாது. ஆனால் கோமதிக்கு ஒரு பயமும் இருந்தது.

"டெல்லியில பத்து வருசம் ஆன டீசல் வண்டிய ஓட்டக்கூடாதாமுங்களே. நம்மூருக்கும் வந்துருமுங்களா?"

"அதெல்லாம் டெல்லி சமாச்சாரமுங்க, இங்கெல்லாம் வராதுங்க" என்றார் தங்கவேல். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே பதில் தயாராக இருந்தது. டெல்லியிலிருந்து அப்படித் தடைபட்ட வண்டிகளைத் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே கொண்டுவந்து விற்பதும் எங்கள் யார்டில் நடந்ததுதான்.

கோமதி என் பக்கம் திரும்பினார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"நாளைக்குச் சட்டம் எப்பிடி மாறும்னு எனக்குத் தெரியாதுங்க அம்மணி. போடறவங்களுக்கே இன்னைக்குத் தெரியாது. ஆனா மாறினா, புகை எச்சா விடற வண்டிதான் மொதல்ல மாட்டும்."

யார்டில் அப்போது இரண்டு டீசல் வண்டிகள் அவர்களுக்குப் பொருந்தும்படி இருந்தன. ஒன்று பி.எஸ். ஃபோர், நன்றாக ஓடிய வண்டி, டி.பி.எஃப். இல்லாதது. இன்னொன்று பி.எஸ். சிக்ஸ், ஆர்.எஸ். புரத்து டாக்டர் ஒருவருடையது. பளபளவென்று இருந்தது. மீட்டர் பதினெட்டாயிரத்தைத் தாண்டவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தபோது தங்கவேலே நேரில் போய் எடுத்துவந்தது. நான் இன்னும் அதைத் தொடவில்லை.

ஆறுச்சாமி டாக்டர் வண்டியைப் பார்த்தார். சுற்றி வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாய்ந்து பார்த்தார். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது படுத்துக்கொண்டு வர வசதியாக இருக்கும் என்றார். அன்று அட்வான்ஸ் கொடுக்கவில்லை. குலதெய்வத்திடம் பூ கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் உத்தரவு. கல்யாணம், கிணறு, நிலம், எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். நான் வேறு மார்க்கம். ஆனால் பட்டறைக் காலத்திலிருந்து இந்தப் பூவுக்காகக் காத்திருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பூ வரவில்லை என்றால் தங்க ரதமாக இருந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார்கள். வெள்ளைப் பூ வந்துவிட்டதாம். டாக்டர் வண்டிக்கே கேட்டிருக்கிறார்கள்.

4. எரியாத லைட்

தங்கவேலுக்கு முகமெல்லாம் பல். ஆர்.சி.யை எடுத்து மேசையில் வைத்தார். நான் என் வழக்கப்படி வண்டிக்குப் பின்னால் போனேன். கைக்குட்டையை விட்டுத் துடைத்தேன்.

கறுப்பு. அடுப்புக்கரியைத் தொட்ட மாதிரி.

பதினெட்டாயிரம் ஓடிய பி.எஸ். சிக்ஸ் வண்டியில் இது வரக்கூடாது. சாவியைப் போட்டேன். சாவி போட்டதும் டாஷ்போர்டில் எல்லா லைட்டும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. ஆயில் எரிந்தது, பேட்டரி எரிந்தது, பிரேக் எரிந்தது. எஞ்சின் லைட் மட்டும் எரியவில்லை. ஸ்கேனரை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கிற அழுத்த வித்தியாசம் ஏறவே இல்லை. ஒன்றுமே இல்லாத குழாயில் காற்று போவது போல் போனது.

வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ராம்பில் ஏற்றிக் கீழே போய்ப் பார்த்தேன். ஸ்டீல் டப்பாவின் இடுப்பைச் சுற்றி ஒரு வெல்டிங் தையல். கம்பெனி போட்டது அல்ல.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடி வடிகட்டி அடைத்திருக்கிறது. டாக்டரின் டிரைவர் எங்கேயோ ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர்கள் டப்பாவை அறுத்து, உள்ளே இருந்ததை உடைத்து எறிந்துவிட்டு, வெறும் டப்பாவை மறுபடி ஒட்டிவிட்டார்கள். வடிகட்டி எங்கே என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்காதபடி சாஃப்ட்வேரையும் மாற்றிவிட்டார்கள். ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் வேலை. எஞ்சின் லைட்டையே மொத்தமாக ஊமையாக்கி வைத்திருந்தான்.

வண்டியைக் கீழே இறக்கிவிட்டு ராம்பிலிருந்து வெளியே வந்தபோது தங்கவேல் என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாய், எதா இருந்தாலும் பொறவு பேசிக்கலாமுங்க. டீசல் வண்டிய யாருமே சீந்தறது இல்ல. சாமியே உத்தரவு குடுத்துருச்சு. நீங்க எதுக்குக் குறுக்க நிக்கறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. மழை நாளில் வராத டிரைவருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. ஆனால் கோபத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. நேராக அவர்களிடம் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

கோமதி பயப்படவில்லை. பட்டறைக்காரர் அல்லவா, வேறு மாதிரி யோசித்தார்.

"அப்பிடின்னா நல்லதுதானுங்களே பாய்? பில்டரே இல்லீன்னா அடைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே. வண்டி நிக்காது."

தங்கவேல் அதைப் பிடித்துக்கொண்டார். "அதத்தானுங்க நானும் சொல்றேன்! புகை சர்ட்டிபிகேட்டும் இருக்குதுங்க."

இது எங்கள் ஊருக்கே உரிய தப்பு. லேத்தும் வெல்டிங் மிஷினும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், கம்பெனிக்காரன் வைத்தது எதுவாக இருந்தாலும் அறுத்துச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு தைரியம். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால்தான் மீதி நேரம் மாட்டிக்கொள்கிறோம்.

"சர்ட்டிபிகேட் இன்னைக்கு இருக்குதுங்க. டெஸ்ட் மாறினா இருக்காது. கழட்டுனதே சட்டப்படி தப்பு. புடிச்சு வண்டிய நிறுத்திட்டாங்கன்னா, அடுத்த டயாலிசிஸுக்கு எதுல போவீங்க?" என்றேன். "அது கெடக்கட்டும். இதப் பாருங்க."

சாவியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். எரியாத இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"எஞ்சினுக்குள்ள என்ன கோளாறு வந்தாலும் இந்த லைட்டுதானுங்க சொல்லோணும். இதோட வாயக் கட்டி வெச்சிருக்கறாங்க. டி.பி.எஃப். மட்டுமில்ல, எது கெட்டாலும் இது சொல்லாது. வண்டி நின்ன பொறவுதான் உங்களுக்குத் தெரியும்."

ஆறுச்சாமி அதே வண்டியின் பின் சீட்டில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் இப்பிடித்தானுங்க பாய். ரெண்டு கிட்னியும் போற வரைக்கும் ஒண்ணுமே காமிக்கல. நல்லாத்தான இருக்கறோம்னு தோப்புக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பில்டரு போயித்தான் வாரத்துல மூணு நாளு மிஷின்ல படுக்கறேன். இந்த வண்டிக்கு வேணும்னே புடுங்கி வீசிப்போட்டாங்களாக்கும்?"

தங்கவேல்தான் சமாளித்தார்.

"சாமி பூ குடுத்துருக்குதுங்களே ஐயா..."

"பூ குடுத்தது வாங்கறதுக்குங்க. அடியில பாக்க வேண்டாம்னு சாமி சொல்லலீங்களே" என்றார் ஆறுச்சாமி.

5. மூன்று புள்ளி

ஆறுச்சாமியை இறக்கி உட்கார வைத்துவிட்டு, வண்டியை மறுபடி ராம்பில் ஏற்றினேன். கோமதி சுடிதார் துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, என் டார்ச்சை வாங்கிக்கொண்டு ராம்புக்குக் கீழே போனார். வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார்.

"டிக் வெல்டிங்குங்க. நல்ல கை" என்றார் உள்ளிருந்து. அடுத்து, டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நானும் குனிந்து பார்த்தேன். வெல்டிங் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், ஸ்டீலில் குத்தூசியால் குத்திய மூன்று சின்னப் புள்ளிகள், முக்கோணமாக.

எங்கள் ஊர்ப் பட்டறைகள் சிலவற்றில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற ஒவ்வொரு வேலையிலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தங்கள் குறியைக் குத்தி அனுப்புவார்கள். நாளைக்கு யாராவது உடைந்த சாமானைக் கொண்டுவந்து "நீங்க செஞ்சதுதான்" என்று சண்டை போட்டால், பார்த்துச் சொல்வதற்கு.

"இது எங்க பட்டறைங்க" என்றார் கோமதி.

வெளியே வந்து அப்பா முன்னால் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, டப்பா ஒட்டிக் குடுங்கன்னு ஒருத்தரு கொண்டாந்தாருங்க. ரெண்டு பாதியா இருந்துது, உள்ள காலி. லீக் இல்லாம ஒட்டோணும்னு மட்டும் சொன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல. ஜாப் ஆர்டருக்கு எதுக்குன்னு யாருப்பா கேக்கறாங்க?"

படித்தவர், கெட்டிக்காரர், நேர்மையாகத் தொழில் செய்கிறவர். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊர்ப் பட்டறைகள் அப்படித்தான் வளர்ந்தன. ஒருத்தன் கியர்ப் பல்லை வெட்டுவான், ஒருத்தன் தண்டைக் கடைவான், ஒருத்தன் பூச்சுப் போடுவான். முழு மிஷின் என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. தன் அப்பாவைப் படுக்க வைத்துக் கூட்டிப்போகிற வண்டியின் வாயைக் கட்டியதில் தன் கையும் இருக்கிறது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்?

ஆறுச்சாமி மகளைத் திட்டவில்லை.

"சரி கண்ணு. அப்ப நீயே அறுத்துப்போடு" என்றார்.

6. பொள்ளாச்சி ரோடு

அப்புறம் நடந்தது வியாபாரம். பி.எஸ். ஃபோர் வண்டியைக் காட்டி முடித்துவிடலாம் என்று தங்கவேல் பார்த்தார். கோமதி என்னைக் கேட்டார். நான் அவரிடம் ஒரே கேள்வி கேட்டேன்.

"ஒரு வாரத்துல வண்டி எங்கெங்கெல்லாம் போகுமுங்க?"

கிணத்துக்கடவிலிருந்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. மற்ற நாள் மலுமிச்சம்பட்டி. எல்லாம் பொள்ளாச்சி நாலுவழிச் சாலை. நிற்காமல் ஓடுகிற ரோடு. அந்த டாக்டர் கையில் அடைத்துப் போன வண்டி, இவர்கள் கையில் அடைக்காது. கரி தானாக எரிந்துவிடும். வடிகட்டி மட்டும் இருந்தால், யார்டில் நின்ற வண்டிகளிலேயே அவர்களுக்கு ஏற்றது டாக்டர் வண்டிதான். சட்டம் எப்படி மாறினாலும் பழைய வண்டிக்கு முன்னால் இது மாட்டாது.

அதைச் சொன்னேன். புதிய கம்பெனி வடிகட்டி போட்டு, சாஃப்ட்வேரையும் பழையபடி மாற்றி, எஞ்சின் லைட் எரிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு தங்கவேல் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாய், நீங்க யாரு ஆளுங்க? எனக்கா, அவங்களுக்கா?"

"வண்டி திரும்பி வந்தா வாசல்ல நிக்கப்போறது யாருங்க? நீங்க உள்ள ரூம்ல இருப்பீங்க" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புது வடிகட்டிக்கு அவரே ஆர்டர் போட்டார். வேறு யாருக்கும் அந்த வண்டியை விற்க முடியாது என்று புரிந்திருக்கலாம். மனசாட்சியாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. பழைய டப்பாவைக் கழற்றுகிற வேலையைக் கோமதி தன் பட்டறையிலேயே செய்தார். வண்டி யார்டுக்குத் திரும்பி வந்ததும் கைக்குட்டையை விட்டுப் பார்த்தேன். வெள்ளையாக வந்தது.

7. கற்றுக்கொண்டது

யார் ஓட்டினது என்று கேட்காதீர்கள், எங்கே ஓடியது என்று கேளுங்கள். வாங்குகிறவரிடமும் எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும்; அதற்குப் பயந்து டீசலே வேண்டாம் என்பதும் தப்பு, அதை ஏமாற்றலாம் என்று அறுப்பதும் தப்பு. தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மொபைலில் இதற்கு டிக் அடிக்கிற கட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

கோமதியும் ஒன்று கற்றுக்கொண்டார். அவருடைய பட்டறைக்கு யார் எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும் இப்போது முதல் கேள்வி "எதுக்குங்க?" என்பதுதான். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போகிறார்கள். போகட்டும் என்கிறார்.

நான் வேலையை விட்டு நின்ற பிறகு ஒருநாள் சுந்தராபுரத்தில் அந்த வண்டியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மருந்துக்கடைக்கு நிறுத்தியிருந்தார்கள். ஆறுச்சாமி பின் சீட்டில் சாய்ந்திருந்தார், இன்னும் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். கோமதி மருந்தோடு வந்து ஏறி, சாவியைப் போட்டார்; ஆனால் ஸ்டார்ட் செய்யவில்லை. நான் என்னவோ என்று பார்த்தேன்.

"தெனமும் இப்பிடித்தானுங்க பாய். அப்பா பாத்துச் சொன்னாத்தான் எடுக்கோணும்" என்று சிரித்தார்.

பின் சீட்டிலிருந்து ஆறுச்சாமி சிரமப்பட்டு முன்னால் குனிந்து, மகளின் தோளுக்கு மேலாக டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். எஞ்சின் லைட் மஞ்சளாக எரிந்து அணைந்தது.

"காமிக்குது கண்ணு. போலாம்" என்றார்.